வீட்டில் ஆள் இருக்கு

தொராண்டோவில் ஒரு யாழ்ப்பாணத்தான் இன்னொரு தமிழனைக் கண்டால் முதலில் கேட்பது சுகமா என்றல்ல. "தம்பி ஊரில எவடம்?" என்றுதான். ஊரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம், கோயிலடியோ குளத்தடியோ, ஆரின்ர மகன், இன்னாரைத் தெரியுமோ என்று கிண்டிக் கிண்டி, ஆள் என்ன சாதி என்று பிடித்த பிறகுதான் கேட்டவருக்குத் தேத்தண்ணி இறங்கும். ஷெல்லுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் வீட்டை விட்டுவிட்டு வந்தார்கள், காணி உறுதியை விட்டுவிட்டு வந்தார்கள். இந்தக் கேள்வியை மட்டும் ஒருத்தரும் விட்டுவிட்டு வரவில்லை.

குஞ்சித்தம்பிக்கு அந்தக் கேள்வி என்றால் பயம். அவன் மட்டக்களப்பான். எண்பத்தைந்து கடைசியில் ஜெர்மனி வழியாக வந்து சேர்ந்தவன், முப்பத்தொரு வயது. தொராண்டோவின் பார்க்டேல் பகுதியில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் சச்சி அண்ணையோடும் ஜெயரட்ணத்தோடும் இருந்தான். சச்சிதானந்தன் என்கிற சச்சி அண்ணை யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். இங்கே பின்னேரம் நாலு மணிக்குப் போய் ஒரு கார் பார்க்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் குந்தியிருந்து டிக்கட் கொடுத்தார். ஜெயரட்ணம் ஹோட்டலில் அறை துப்புரவாக்கினான். குஞ்சித்தம்பிக்கு மெத்தை செய்கிற ஃபக்டரியில் விடியற்காலை வேலை.

வந்த முதல் நாளே சச்சி அண்ணை கேட்டுவிட்டார். "மட்டக்களப்பில எவடம் தம்பி? அப்பா என்ன செய்யிறார்?"

"படுவான்கரைப் பக்கம் அண்ணை. அப்பா கோயில் வண்ணக்கர்," என்றான் குஞ்சித்தம்பி.

வண்ணக்கர் என்றால் அந்தப் பகுதியில் கோயிலைப் பொறுப்பாக நடத்துகிற பெரிய மனிதர். சச்சி அண்ணைக்கு அந்தச் சொல் புதிது. விளக்கினதும் முகம் மலர்ந்துபோனது. "அப்ப நல்ல குடும்பத்துப் பெடியன்," என்று சொல்லித் தானே சோறு போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து மூன்று பேருக்கும் ஒரே பானை.

சொன்னது பச்சைப் பொய். கோயில் உண்மை, தகப்பன் அங்கே நின்றதும் உண்மை. ஆனால் அவர் நின்றது உள்ளே அல்ல, வெளி வாசலில். திருவிழாவுக்கும் செத்த வீட்டுக்கும் பறையடிக்கிற குடும்பம் அவர்களுடையது. அவர்கள் அடிக்காமல் அந்த ஊரில் சாமியும் வெளியே வராது, பிணமும் வெளியே போகாது. ஆனாலும் அவர்கள் வீட்டில் ஒரு மிடறு தண்ணி வாங்கிக் குடிக்க ஊரில் ஒருத்தருக்கும் வாய் வராது. குஞ்சித்தம்பி பன்னிரண்டு வயதிலிருந்து தகப்பனோடு நின்று தம்பட்டம் என்கிற தோல்மேளம் அடித்தவன்.

அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. தமிழ்க் கடைக்குப் போகமாட்டான். கலியாண வீடா, சாமத்தியச் சடங்கா, வேலை என்று சொல்லி நழுவிவிடுவான். மட்டக்களப்பில் இருந்து யாராவது வந்து, "நீ அவரின்ர மகனெல்லோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. இரண்டு வருசமாக அவனுக்குத் தமிழில் பேச்சுத் துணை இரண்டே பேர், அந்த இரண்டு பேரோடும் பேசியது பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியே ஏரிக்கரைக்குப் போய் வாங்குப் பலகையில் இருந்துவிட்டு வருவான். அந்தப் பானைச் சோற்றையும் இழந்தால் இந்த ஊரில் தனக்கு ஒரு நாய்கூட இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கீழ்மாடி முன்னறையில் ஒரு கறுப்புக் கிழவர் இருந்தார். அனிசெத்தோ என்று பெயர். அவருடைய ஆட்கள் மரியாதையாகத் தோன் அனிசெத்தோ என்பார்கள். தென்னமெரிக்காவில் உருகுவே என்கிற சின்ன நாடு. அங்கே மொண்டெவிடேயோ நகரத்தில், அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஆபிரிக்கர்களின் பேரப்பிள்ளைகள் தெருத் தெருவாக அடிக்கிற மேளத்துக்குக் கந்தோம்பே என்று பெயர். அதில் இவர் பெரிய கை. நாற்பது குடும்பம் ஒரு முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த கட்டடத்தில் பிறந்து வளர்ந்தவர். இராணுவ ஆட்சி அந்தக் கட்டடத்தை இடித்துப்போட, மகனோடு கனடாவுக்கு வந்தார். மகன் வான்கூவருக்கு வேலைக்குப் போய்விட்டான். எழுபத்திமூன்று வயதில் ஒற்றை அறை, ஒரு மேளம், ஒரு ரேடியோ.

குஞ்சித்தம்பி அவரிடம் அகப்பட்டது ஒரு பிழையால்தான். எண்பத்தாறு கோடையில் ஒரு ஞாயிறு, குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு பின் ஒழுங்கைக்குப் போனான். அங்கே கிழவரும் அவருடைய நாட்டுப் பெடியன்கள் நாலைந்து பேரும் பழைய பேப்பரைக் குவித்துக் கொளுத்தி, மேளங்களைச் சுற்றிவரப் படுக்கவைத்துத் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். பீப்பா மாதிரி நடு உப்பின மேளங்கள். சூடு காட்டினால்தான் தோல் இறுகும். பெடியன்கள் பகிடியில் ஒரு மேளத்தை மறந்துபோனார்கள். தோல் நெருப்புக்கு மிதமிஞ்சிக் கிட்ட நின்றது.

குஞ்சித்தம்பி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தன் பாட்டில் குப்பையைப் போட்டுவிட்டுப் போயிருப்பான். பையைக் கீழே போட்டான், மேளத்தை இழுத்தான், விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான், நடுவில் ஒரு சுண்டு சுண்டிக் காதைக் கிட்டக் கொண்டுபோனான். பிறகு கொஞ்சம் தள்ளி, சரித்து, காற்றுப் படாத பக்கமாக வைத்தான். தகப்பன் தென்னோலை நெருப்பில் தம்பட்டம் காய்ச்சும்போது செய்கிறது அதுதான்.

நிமிர்ந்தபோது கிழவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் பழக்கினது?" என்று கேட்டார்.

இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. பாதி வாயாலும் பாதி கையாலும் பேசியதைத்தான் இங்கே ஒழுங்காக்கி எழுதியிருக்கிறது.

"அப்பா," என்றான் குஞ்சித்தம்பி.

அதைச் சொன்னதும் அடுத்த கேள்விக்குக் காத்து நின்றான். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. கிழவர் தலையை ஆட்டி, "நல்ல தகப்பன்," என்று மட்டும் சொன்னார். இந்த மனிதருக்கு எந்த ஊர், எந்தப் பக்கம் என்கிற கணக்கெல்லாம் தெரியாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடைத்துக்கிடந்த வாய்க்கால் திறந்த மாதிரி அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தகப்பன் போன வருசம் ஊரடங்குக்குள் செத்ததையும், ஊரில் எல்லாச் சாவுக்கும் அடித்தவருக்கு அடிக்க ஒரு கை இல்லாமல் நாலு பேர் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனதையும், அது தனக்கு மூன்று மாதம் கழித்துக் கடிதத்தில் வந்ததையும் சொன்னான். கிழவர் தன் நாட்டுப் பாஷையில் ஏதோ முணுமுணுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். கனடாவில் குஞ்சித்தம்பியின் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்தால் முன்னறையில் அரை மணித்தியாலம். பேச்சும் பெரிதாக இராது. கிழவர் மேசையில் தட்டுவார், இவன் கேட்டுக்கொண்டிருப்பான். இவன் தட்டுவான், அவர் கேட்பார். சச்சி அண்ணை, "கீழ என்னடாப்பா செய்யிறனீ?" என்று கேட்டபோது, "இங்கிலீஷ் பழகிறன் அண்ணை," என்றான். இங்கிலீஷே வராத கிழவரிடம் இங்கிலீஷ் பழகுகிறவன் என்று ஜெயரட்ணம் ஒரு கிழமை பகிடி பண்ணினான்.

எண்பத்தேழு மாசியில் கிழவருக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது, வலது கை போனது. கந்தோம்பேயில் ஒரு கையில் தடி, மற்றக் கை வெறுங்கை. தடி பிடிக்கிற கைதான் போனது.

கோடையில் கிழவருடைய நாட்டு ஆட்களின் சங்கத்துச் செயலாளர் கிளடிஸ் வந்தாள். அவளும் உருகுவேக்காரி, ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்கிறவள். தோன் அனிசெத்தோவைக் கௌரவிக்கப்போகிறோம், ஆவணி கடைசி ஞாயிறு என்றாள். நம்மவர்கள் என்றால் மண்டபம் எடுத்து, பொன்னாடை போர்த்தி, ஆளுக்கு முக்கால் மணித்தியாலம் பேசி ஆளைக் கொன்றுவிடுவார்கள். இவர்களுடைய முறை வேறு. மேளக்காரர் எல்லாரும் இரண்டு தெரு தள்ளிக் கூடி, அடித்துக்கொண்டே பெரியவரின் வாசலுக்கு வருவார்கள். வாசலில் நின்று மேளத்தால் கூப்பிடுவார்கள். அந்த வீட்டு மேளம் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அவரை அழைத்துக்கொண்டு ஊர்வலம் போகும். பதில் வராவிட்டால் திரும்பிப் போவார்கள். வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

"யார் பதில் சொல்வது?" என்று கிளடிஸ் தயங்கிக் கேட்டாள். கிழவரோடு கூட நின்று அடித்தவர்கள், நாட்டில் ஆட்சி மாறினதும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மிச்சப் பேர் கூப்பிடுகிற பக்கம். பதில் அந்த வீட்டு ஆளிடமிருந்துதான் வர வேண்டும்.

கிழவர் கதவோரம் நின்ற குஞ்சித்தம்பியைக் காட்டி, "வீட்டில் ஆள் இருக்கு," என்றார்.

குஞ்சித்தம்பி அந்த இடத்திலேயே மாட்டேன் என்றான். அன்றைக்கு வேலை என்றான். ஞாயிற்றுக்கிழமை மெத்தை ஃபக்டரி பூட்டு என்பது கிழவருக்கும் தெரியும். மேலே சச்சி அண்ணையும் ஜெயரட்ணமும் இருக்க, முன்வாசலில் நின்று மேளம் அடிப்பதா? கையைப் பார்த்தால் தெரியாதா, பிறந்ததிலிருந்து அடித்த கை என்று? அவன் இரண்டு கிழமை முன்னறைப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம், கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே கிழவர் கட்டிலில் இருந்து, செத்த வலது கையில் தடியை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை இடது கையாலும் பல்லாலும் இழுத்தார். கையைத் தூக்கி மேளத்தில் போட்டார். தடி சரிந்து தொங்கியது. மறுபடியும் முடிச்சை அவிழ்த்து முதலிலிருந்து கட்டத் தொடங்கினார். குஞ்சித்தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய்த் துணியை அவிழ்த்துத் தடியை வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து பின்னேரங்களில் கிழவர் மேசையில் தட்டித் தட்டிப் பதிலைச் சொல்லிக் கொடுத்தார்.

ஆவணி கடைசி ஞாயிறு நல்ல வெயில். சங்கம் தெரு முழுவதையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தது. சச்சி அண்ணை வெளுத்த ஷேர்ட் போட்டுக்கொண்டு ஜெயரட்ணத்தோடு கீழே இறங்கிப் புல்லில் நின்றார். படிக்கு மேலே கதிரையில் கிழவர், கழுத்துப்பட்டி கட்டி. பக்கத்தில் குஞ்சித்தம்பி, தோளில் வாரில் மேளம்.

"உவன் என்ன செய்யிறான் உதில?" என்று சச்சி அண்ணை ஜெயரட்ணத்தைக் கேட்டது இவன் காதில் விழுந்தது.

முதலில் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மூலை திரும்பி ஆட்கள் வந்தார்கள், பன்னிரண்டு பதின்மூன்று மேளம். சன்னமாக விடாமல் அடிப்பது, இடையில் வெட்டிப் பேசுவது, அடியில் முழங்குவது என்று மூன்று அளவு மேளங்கள். படிக்கட்டுக்கு முன்னால் நின்றார்கள். ஒருத்தன் முன்னுக்கு வந்து அடித்துக் கூப்பிட்டான். எல்லா மேளமும் ஒன்றாக நின்றது.

குஞ்சித்தம்பியின் கை எழும்பவில்லை. சச்சி அண்ணையின் வெள்ளை ஷேர்ட் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கிழவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டவன் கொஞ்சம் பொறுத்து இரண்டாம் தரம் கூப்பிட்டான். மறுபடியும் நின்றது. கிளடிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ செத்த வீட்டில் கழற்றுகிற மாதிரித் தொப்பியைக் கழற்றினார்கள்.

அந்தத் தொப்பியைக் கண்டதும் குஞ்சித்தம்பிக்குத் தன் தகப்பனைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போன நாலு பேரும் நினைவுக்கு வந்தார்கள். வருவது வரட்டும் என்று தடியை மேளத்தில் போட்டான்.

முதல் அடி விழுந்ததும் கை தன் பாட்டில் போனது. கிழவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் அடித்தான். ஆனால் நிமிர்ந்து நின்ற நிலையும், தோளை இறக்காமல் மணிக்கட்டால் வெட்டின வெட்டும் படுவான்கரைக் கோயில் வாசலில் பழகினவை. தெரு முழுக்கப் பதில் முழங்கியது. கூட்டம் ஆர்ப்பரித்துப் படியேறி, கிழவரைக் கதிரையோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கியது. அந்த மனிதர் இடது கையை உயர்த்தி ஒரு ராசாவைப் போல் போனார். குஞ்சித்தம்பி கதிரைக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டே நடந்தான். மூலைக் கடைவரை போய்த் திரும்பும்போது அவனுக்கு முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும். இரண்டு வருசத்தில் முதல்முறையாக அவன் பயப்படாமல் இருந்தது அந்த இருபது நிமிசம்தான்.

திரும்பி வந்ததும் சச்சி அண்ணை ஓடி வந்து தோளில் கைபோட்டார். "எட, நீ பெரிய ஆள்தான். எங்கையடாப்பா உது பழகினனீ?"

பொய் வாய்க்குள் தயாராக வந்து நின்றது. "இந்த ஐயாதான் பழக்கினவர் அண்ணை," என்றான் குஞ்சித்தம்பி.

"பாத்தியே ஜெயம், இங்கிலீஷ் பழகினவராம்." சச்சி அண்ணை சிரித்தார். பிறகு கதிரைக்குக் குனிந்து, கச்சேரி இங்கிலீஷில், ஐயா மிகச் சிறந்த ஆசிரியர் என்று கிழவரைப் பாராட்டினார்.

கிழவர் தலையை ஆட்டி மறுத்தார். மற்றவனுடைய புகழைத் தான் எடுக்கிற ஆள் அல்ல அவர். "நானா? இல்லை. நான் சொல்லைத்தான் கொடுத்தேன். கை இவன் தகப்பனுடையது." அக்கம்பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "இவன் தகப்பன் அங்கே பெரிய மேளக்காரர். கோயிலுக்கு அடிப்பார். யார் செத்தாலும் அவர்தான் அடிப்பார். என் தகப்பனைப் போல." உருகுவேக்காரர்கள் கை தட்டினார்கள். கிளடிஸ் வந்து குஞ்சித்தம்பியின் கன்னத்தில் கொஞ்சினாள்.

"ஐ ஸீ," என்றார் சச்சி அண்ணை.

குஞ்சித்தம்பியின் தோளில் இருந்த கையை அவர் உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, சாப்பாட்டுப் பேப்பர் தட்டு எடுக்கிறவர் போல எடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "வண்ணக்கர் எண்டெல்லோ சொன்னனீ," என்றார்.

"வண்ணக்கர் உள்ளுக்கு நிண்டவர் அண்ணை. அப்பா வாசலில நிண்டவர்."

சச்சி அண்ணை கோபிக்கவில்லை. ஏசவில்லை. அறையைக் காலி பண்ணு என்று சொல்லவில்லை. நாகரிகமான மனிதர். குஞ்சித்தம்பி அன்றிரவு கண் மூடாமல் கிடந்து, இவ்வளவுதானா, இதற்காகவா இரண்டு வருசம் செத்தேன் என்றுகூட நினைத்தான்.

புதன்கிழமை தெரிந்தது. அந்த வீட்டில் சமையல் முறைவைத்துத்தான் நடக்கும், புதன் குஞ்சித்தம்பியுடையது. வேலையால் வந்து பார்த்தால் அடுப்பில் பருப்பும் கத்தரிக்காயும் இறக்கி மூடியிருந்தது. "நீ களைச்சுப்போய் வாறனி எண்டு நானே வைச்சிட்டன்," என்றார் சச்சி அண்ணை. அடுத்த புதனும் அப்படி. அதற்கடுத்த புதன், "அண்ணை, என்ர முறையெல்லோ," என்றான். "இருக்கட்டும் தம்பி, எனக்கென்ன கரைச்சல்," என்றார். சோறு அவனுக்கு முன்னைப்போலவே கிடைத்தது. அவன் கை பட்ட சோறுதான் வேண்டாம்.

புரட்டாதி முடிவில் வான்கூவர் மகன் வந்து கிழவரை மொண்டெவிடேயோவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேளமும் போனது. டாக்சி வெளிக்கிடும்போது கிழவர் இடது கையால் இவன் கையைப் பிடித்து, "வீட்டில் ஆள் இருந்தது," என்றார். முன்னறைக்கு ஒரு மாணவன் குடிவந்தான். நாள் முழுக்கக் கதவு பூட்டு. பின்னேரங்களில் குஞ்சித்தம்பி படியில் ஏறி நேரே தன் அறைக்குப் போனான். இந்தத் தனிமை முந்தியதைவிட மோசமாக இருந்தது. முன்பு தன்னைத் தெரியாதவர்களோடு இருந்தான், இப்போது தெரிந்தவர்களோடு.

ஐப்பசியில் ஒரு புதன் அவன் வேலைக்குப் போகவில்லை. சச்சி அண்ணை எழும்ப முன்னமே மீன் வாங்கி வந்து, தேங்காய்ப்பாலில் தன் தாய் வைக்கிற மாதிரிக் குழம்பு வைத்தான். பத்து மணிக்கெல்லாம் வீடு மணத்தது. மேசையில் மூன்று சோற்றுக் கோப்பை வைத்தான். நடையில் நின்று, "சோறு ஆச்சு, வாங்கோ," என்று கூப்பிட்டான்.

ஜெயரட்ணம் காலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே, "நான் ஹோட்டலில சாப்பிடுவன் மச்சான்," என்று படியிறங்கினான். சச்சி அண்ணை கதவைத் திறந்து மேசையைப் பார்த்தார். "எனக்கு இண்டைக்கு விரதம் தம்பி."

புதன்கிழமையில் என்ன விரதம் என்று குஞ்சித்தம்பி கேட்கவில்லை. தனியே இருந்து சாப்பிட்டான். ருசியாகத்தான் இருந்தது, ஆனாலும் பாதியில் எழும்பிவிட்டான். சட்டியை மூடி வைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனான்.

மூன்றரைக்குத் திரும்பி வந்து சட்டியைத் திறந்தால் குழம்பு பாதிக்கு இறங்கியிருந்தது. மீனில் நாலு துண்டு இல்லை. சச்சி அண்ணையின் கோப்பை கழுவிக் கவிழ்த்தபடி, இன்னும் ஈரம். வீட்டில் அவரைத் தவிர ஒருத்தரும் இல்லை. அவர் முன்ஹோலில் வேலைக்குப் போகிற உடுப்போடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறி எப்பிடி அண்ணை?"

"எந்தக் கறி?" என்றார் சச்சி அண்ணை.

குஞ்சித்தம்பிக்குக் கோபம் வரவில்லை. அந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும்; இரண்டு வருசம் கண்ணாடியில் பார்த்த முகம். பாவமாகத்தான் இருந்தது.

"மீன் கறி அண்ணை," என்றான். "அடுத்த புதனும் வைப்பன்."

அவர் பேப்பரை விட்டுத் தலையெடுக்கவில்லை. வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம்வரை அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.